டி4 நார்மல், டி.எஸ்.ஹெச். அதிகம்: மாத்திரை வேலை செய்கிறதா இல்லையா?

நீங்கள் கேட்டது இது. வயது 36, தைராய்டு குறைவுக்காக இரண்டு வருடமாக 75 மைக்ரோகிராம் மாத்திரை சாப்பிடுகிறீர்கள். போன வருடம் 2.9 இருந்த டி.எஸ்.ஹெச். (தைராய்டைத் தூண்டும் ஹார்மோன்) இந்த முறை 8.4 என்று வந்திருக்கிறது, ஆனால் ஃப்ரீ டி4 (ரத்தத்தில் புரதத்தோடு ஒட்டாமல் இருக்கும் தைராய்டு ஹார்மோன்) 1.5, அதாவது நார்மல். டாக்டர் மாத்திரையை 100 ஆக்கினார். மனசு கேட்காமல் பதினாறாவது நாளே வேறொரு லேப்பில் நீங்களாகவே எடுத்துப் பார்த்தீர்கள், 5.1 வந்தது. டி4 நார்மல் என்றால் தைராய்டு சரியாகிவிட்டதா, அப்படியானால் டி.எஸ்.ஹெச். ஏன் ஏறுகிறது, மாத்திரையை நிறுத்திப் பார்க்கலாமா என்று கேட்கிறீர்கள். கடைசி வரியில், வேறு மாத்திரை எதுவும் இல்லை, நாலு மாதமாகக் காலை டிபனுக்கு அப்புறம் ஒரு கால்சியமும், பத்து நாளாக முடி கொட்டுவதற்கு ஒரு மாத்திரையும் மட்டும்தான் என்று போகிற போக்கில் எழுதியிருக்கிறீர்கள். உங்கள் கேள்விக்குப் பாதி பதில் அந்தக் கடைசி வரியில் இருக்கிறது என்று நினைக்கிறேன்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். நான் மருத்துவ உயிர்வேதியியல் படித்து 22 வருடமாக லேப்பில் வேலை பார்க்கிறவள், வைத்தியம் பார்க்கிறவள் கிடையாது. உங்களுக்கு எத்தனை மைக்ரோகிராம் வேண்டும் என்று முடிவு செய்ய வேண்டியவர் உங்களைப் பரிசோதித்த டாக்டர். ஆனால் ஒரு ரிப்போர்ட்டில் இருக்கும் எண் எதைச் சொல்கிறது, எதைச் சொல்லவில்லை, எந்தச் சூழ்நிலையில் அதை நம்பக் கூடாது என்பது என் வேலை. தினமும் அதைத்தான் பார்க்கிறேன். மாத்திரையை நிறுத்தலாமா என்பதற்கு மட்டும் இப்போதே பதில் சொல்லிவிடலாம், நிறுத்தாதீர்கள். ஏன் என்று கீழே புரியும்.

தைராய்டு சுரப்பி பெரும்பாலும் டி4ஐத்தான் சுரக்கிறது, உடம்பு அதை டி3 ஆக மாற்றிப் பயன்படுத்திக்கொள்கிறது. டி.எஸ்.ஹெச். தைராய்டிலிருந்து வருவதே இல்லை. மூளைக்கு அடியில் இருக்கும் பிட்யூட்டரி சுரப்பி ரத்தத்தில் டி4 போதவில்லை என்று தெரிந்தால் டி.எஸ்.ஹெச்.சை அதிகமாக அனுப்பும், போதுமானதற்கு மேல் இருந்தால் குறைத்துக்கொள்ளும். அதனால்தான் மாத்திரை குறைவாகப் போனால் டி.எஸ்.ஹெச். ஏறுகிறது. நீங்கள் சாப்பிடும் மாத்திரை, பாட்டிலில் எந்த பிராண்டு பெயர் இருந்தாலும், உள்ளே இருப்பது லெவோதைராக்சின், அதாவது டி4தான். ஆகவே ரிப்போர்ட்டில் உள்ள டி4 அளவில் நீங்கள் விழுங்கிய மாத்திரையும் சேர்ந்திருக்கிறது. அது நார்மல் என்று வந்தால் மாத்திரை ரத்தத்தில் ஓடிக்கொண்டிருக்கிறது என்று பொருள், சுரப்பி குணமாகிவிட்டது என்று பொருள் இல்லை. நிறைய பேர் இந்த இடத்தில்தான் ஏமாந்து மாத்திரையை விட்டுவிடுகிறார்கள், மூன்று மாதம் கழித்து டி.எஸ்.ஹெச். 40, 50 என்று கொண்டு வருகிறார்கள்.

சரி, டி4 நார்மலாக இருக்கும்போது டி.எஸ்.ஹெச். எப்படி அதிகமாக இருக்க முடியும்? பிட்யூட்டரி ரொம்ப நுட்பமானது. ஃப்ரீ டி4 பாதியாகக் குறைந்தால் டி.எஸ்.ஹெச். நூறு மடங்கு வரை ஏறலாம் என்று பாடத்தில் படிப்போம். எல்லாருக்கும் அந்தக் கணக்கு அச்சாகப் பொருந்தாது, ஆனால் டி4இல் வரும் சின்ன அசைவு டி.எஸ்.ஹெச்.சில் பெரிதாகத் தெரியும் என்பதில் சந்தேகம் இல்லை. உங்கள் உடம்புக்குப் பழகின அளவு 1.4 என்று வைத்துக்கொள்ளுங்கள். அது 1.1க்கு இறங்கினால் ரிப்போர்ட் அதையும் நார்மல் என்றுதான் அச்சடிக்கும், ஏனென்றால் அந்த எல்லை ஊரில் உள்ள எல்லாருக்கும் பொதுவாகப் போட்டது. உங்கள் பிட்யூட்டரிக்கு மட்டும் அது குறைவு என்று தெரியும். சுரப்பி குறைவுக்கு மாத்திரை சாப்பிடுகிறவர்களுக்கு டி.எஸ்.ஹெச்.சை வைத்து அளவு முடிவு செய்வது அதனால்தான்.

அடுத்தது காலம். டி4 ரத்தத்தில் பாதியாகக் குறைய ஏறத்தாழ ஒரு வாரம் ஆகும். அப்படிப்பட்ட ஒரு மருந்தின் அளவை மாற்றினால் ரத்தத்தில் அது ஒரு நிலைக்கு வர ஐந்தாறு வாரம் பிடிக்கும், அதற்குப் பின்னாலேயே டி.எஸ்.ஹெச்.சும் மெதுவாக வந்து சேரும். ஆறிலிருந்து எட்டு வாரம் கழித்து எடுக்கச் சொல்வது இதனால்தான், டாக்டர் வழக்கத்துக்காகச் சொல்வதில்லை. பதினாறாவது நாளில் எடுத்த உங்கள் 5.1 பாதி வழியில் ஓடிக்கொண்டிருக்கும் பஸ்ஸைப் போட்டோ எடுத்த மாதிரி. அது எங்கே போய் நிற்கும் என்று அதிலிருந்து சொல்ல முடியாது. அந்த 5.1ஐ நம்ப முடியாததற்கு இன்னொரு காரணமும் இருக்கிறது, அதற்கு அப்புறம் வருகிறேன்.

ரத்தம் கொடுத்த அன்று காலை மாத்திரை போட்டுவிட்டுப் போனீர்களா? நீங்கள் எழுதவில்லை, ஆனால் ஃப்ரீ டி4 1.5 என்பது மேல் எல்லைக்குப் பக்கத்தில் இருப்பதால் கேட்கிறேன். மாத்திரை விழுங்கிய இரண்டு முதல் நாலு மணி நேரத்துக்குள் ஃப்ரீ டி4 15, 20 சதவீதம் வரை கூடித் தெரியலாம். டி.எஸ்.ஹெச். அந்த ஒரு மாத்திரைக்கு அசையாது, அதற்கு வாரக்கணக்கு. காலை ஆறு மணிக்கு மாத்திரை, எட்டரைக்கு ரத்தம் என்றால் டி4 அழகாக இருக்கும், டி.எஸ்.ஹெச். மட்டும் உண்மையைச் சொல்லும். எங்கள் லேப்பில் ஒரு அம்மா வருவார்கள், காகிதத்தில் ஒரு மாத்திரையை மடித்து முந்தானையில் முடிந்துகொண்டு. ஊசி எடுத்ததும் முழங்கை மடிப்பில் பஞ்சை அழுத்திப் பிடித்தபடியே இன்னொரு கையால் முடிச்சை அவிழ்ப்பார்கள், நான் தண்ணீர் கொடுப்பேன், பெஞ்சில் உட்கார்ந்தே விழுங்கிவிட்டு ஒரு மணி நேரம் கழித்துத்தான் காபி என்று சொல்லிக்கொண்டே எழுந்து போவார்கள். யார் சொல்லிக் கொடுத்தார்களோ, இதைவிடச் சரியாகச் செய்ய முடியாது. ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை, அவ்வளவுதான். தைராய்டுக்காக மட்டும் என்றால் வெறும் வயிறு கட்டாயமில்லை, ஆனால் டி.எஸ்.ஹெச். இரவில் ஏறிப் பகலில் இறங்கும் இயல்புடையது, ஆகவே ஒரு முறை காலை ஏழுக்கும் அடுத்த முறை மத்தியானம் மூன்றுக்கும் கொடுத்துவிட்டு இரண்டையும் ஒப்பிட்டால் தப்பாகப் போகும்.

டி4 நன்றாக இருந்து டி.எஸ்.ஹெச். எகிறி இருப்பதற்கு நான் அதிகமாகப் பார்த்த காரணம் வேறொன்று. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், டி.எஸ்.ஹெச். 34, டி4 எல்லைக்கு மேலே. இயந்திரக் கோளாறாக இருக்கும் என்று அதே ரத்தத்தை இரண்டு முறை திரும்ப ஓட்டினோம், மாறவே இல்லை. போன் செய்து தன்மையாகக் கேட்டபோதுதான் சொன்னார், பேத்தி கல்யாண அலைச்சலில் இரண்டு மாதம் சரியாக மாத்திரை போடவில்லை, டாக்டர் திட்டுவாரே என்று டெஸ்டுக்கு முந்தின ஒரு வாரம் தினமும் இரண்டு இரண்டாக விழுங்கியிருக்கிறார். டி4 அந்த வாரத்தைக் காட்டியது, டி.எஸ்.ஹெச். அந்த இரண்டு மாதத்தைக் காட்டியது. நீங்கள் அப்படிச் செய்தீர்கள் என்று சொல்லவில்லை. ஆனால் மாத்திரை விட்டுப்போன நாட்கள் இருந்தால் டாக்டரிடம் மறைக்காமல் சொல்லுங்கள், சொல்லாவிட்டால் அவர் அளவைக் கூட்டுவார், நீங்கள் பிறகு ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் அது உங்களுக்கு அதிகமாகிவிடும்.

இப்போது கால்சியம். இதில் சந்தேகமே வேண்டாம், கால்சியம் குடலில் லெவோதைராக்சினைப் பிடித்து வைத்துக்கொண்டு உறிஞ்சப்பட விடாது. இரும்புச் சத்து மாத்திரையும் அப்படியே. இரண்டுக்கும் தைராய்டு மாத்திரைக்கும் நடுவில் நாலு மணி நேரமாவது இருக்க வேண்டும். நீங்கள் ஆறரைக்குத் தைராய்டு, எட்டு மணிக்கு டிபன், உடனே கால்சியம் என்று சாப்பிட்டால் இடைவெளி இரண்டு மணி நேரம்கூட இல்லை. நாலு மாதமாகக் கால்சியம், அதற்கு முன்னால் போன வருடம் 2.9, அதை ஆரம்பித்த பிறகு 8.4. இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல மாட்டேன், சுரப்பியே இன்னும் கொஞ்சம் தேய்ந்திருக்கலாம், எடை கூடியிருக்கலாம், கருத்தடை மாத்திரை ஆரம்பித்திருந்தால் அதுவும் தேவையைக் கூட்டும். ஆனால் முதலில் சந்தேகப்பட வேண்டியது கால்சியத்தைத்தான். அதை ராத்திரிச் சாப்பாட்டுக்கு மாற்றிக்கொள்வது சுலபம், கொடுத்தவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் செய்யுங்கள்.

காபியும் இதே வழக்கில்தான் வரும். நம் வீடுகளில் எழுந்ததும் டபராவில் காபி இல்லாமல் கண் திறக்காது, பலர் அந்தக் காபியிலேயே மாத்திரையை விழுங்குகிறார்கள். காபி தனியாகவே உறிஞ்சுதலைக் குறைக்கும், அதில் பாலும் சேர்கிறது. வெறும் தண்ணீரில் மாத்திரை, அரை மணி முதல் ஒரு மணி நேரம் கழித்துக் காபி. முடியவே முடியாது என்கிறவர்களுக்கு இரவு ஒரு வழி உண்டு. 2010இல் நெதர்லாந்தில் சுமார் 90 பேரை வைத்து வந்த ஆய்வில், படுக்கும் நேரத்தில் சாப்பிட்டபோது டி.எஸ்.ஹெச். காலையில் சாப்பிட்டதைவிட நன்றாகவே கட்டுப்பட்டது. ஆனால் கடைசியாகச் சாப்பிட்டு மூன்று மணி நேரமாவது ஆகியிருக்க வேண்டும், ஒன்பதரைக்குத் தோசை சாப்பிட்டுவிட்டுப் பத்து மணிக்குப் படுக்கிற வீட்டில் அது நடக்காது. நீங்கள் கால்சியத்தை ராத்திரிக்கு மாற்றப் போவதாலும் உங்களுக்குக் காலையே இருக்கட்டும். பாட்டிலை அடுப்புக்கு மேலே அலமாரியில் வைக்காதீர்கள், வெப்பமும் ஈரமும் இந்த மருந்துக்கு ஆகாது.

முடி மாத்திரைக்கு வருவோம். அட்டையைத் திருப்பிப் பாருங்கள், பயோட்டின் என்று இருக்கும், பெரும்பாலும் 5 அல்லது 10 மில்லிகிராம். ஒரு நாளைக்கு உடம்புக்குத் தேவை 30 மைக்ரோகிராம் அளவுதான், அதாவது 10 மில்லிகிராம் என்பது அதைப் போல முந்நூறு மடங்குக்கும் மேல். இது உங்கள் தைராய்டை ஒன்றும் செய்யாது, சோதனையைத்தான் கெடுக்கும். சில இயந்திரங்களில் டி.எஸ்.ஹெச்.சைப் பிடித்து அளப்பதற்கே பயோட்டினை ஒரு பசை மாதிரி பயன்படுத்துகிறார்கள். ரத்தத்திலேயே பயோட்டின் நிறைந்து கிடந்தால் அந்தப் பசை போய் ஒட்ட வேண்டிய இடத்தை அது அடைத்துக்கொள்ளும், விளைவாக டி.எஸ்.ஹெச். உள்ளதைவிடக் குறைவாகவும் டி4 உள்ளதைவிட அதிகமாகவும் வரும். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு நிறுவனம் இதைப் பற்றி 2017இல் எச்சரிக்கையே வெளியிட்டது. எல்லா இயந்திரங்களிலும் இந்தப் பிரச்சினை கிடையாது. நீங்கள் இரண்டாவதாகப் போன லேப்பில் எந்த முறை என்று கேட்டால் சொல்வார்கள். பத்து நாளாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதால் 8.4 வந்தபோது அது இல்லை, 5.1 வந்தபோது இருந்திருக்கிறது. அந்த 5.1 உண்மையில் 6 ஆகவோ 7 ஆகவோ இருந்திருக்கலாம், அல்லது 5.1ஆகவே இருக்கலாம். அடுத்த டெஸ்டுக்கு மூன்று நாள் முன்னால் அதை நிறுத்திவிடுங்கள். பயோட்டின் குறைபாடே இல்லாதவர்களுக்கு அந்த மாத்திரையால் முடி வளரும் என்பதற்கு நல்ல ஆதாரம் இல்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். டி.எஸ்.ஹெச். 8இல் இருக்கும்போது முடி கொட்டினால் முதலில் சரிசெய்ய வேண்டியது அதைத்தான்.

எல்லாவற்றையும் சேர்த்துப் பார்த்தால் எனக்குத் தோன்றுவது, உங்களுக்கு 75 போதாமல் போகவில்லை, 75 முழுதாக உள்ளே போகவில்லை. என் ஊகம் சரியாக இருந்தால் இதில் ஒரு ஆபத்தும் இருக்கிறது. டாக்டர் 100 ஆக்கியது கால்சியம் விஷயம் தெரியாமல். இப்போது கால்சியத்தைத் தள்ளி வைத்துவிட்டு 100ஐத் தொடர்ந்தால் மருந்து மொத்தமும் உறிஞ்சப்பட்டு அளவு அதிகமாகிவிடலாம். ஆகவே மாற்றுவதற்கு முன்பே அவரைப் பார்த்து, கால்சியம், பயோட்டின், காபி, எத்தனை மணிக்கு மாத்திரை, விட்டுப்போன நாட்கள் எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொடுங்கள். 75க்கே திரும்பலாமா, 100இலேயே இருந்து பார்க்கலாமா என்று அவர் சொல்லட்டும். அதற்குள் நெஞ்சு படபடப்பு, கை நடுக்கம், காரணமில்லாமல் வியர்வை, தூக்கமின்மை வந்தால் ஆறு வாரம் காத்திருக்காமல் போய்விடுங்கள். தைராய்டு மாத்திரை கொஞ்சம் கூடினால் என்ன, எடை குறையுமே என்று நினைக்கிறவர்கள் இருக்கிறார்கள். 1994இல் அமெரிக்காவில் வெளியான ஆய்வில், 60 வயதுக்கு மேல் டி.எஸ்.ஹெச். 0.1க்குக் கீழே இருந்தவர்களுக்குப் பத்து வருடத்தில் இதயத் துடிப்பு ஒழுங்கு தப்பும் நோய் மூன்று மடங்கு அதிகமாக வந்தது. மாதவிடாய் நின்ற பெண்களுக்கு எலும்பும் தேயும்.

எண்களைப் படிப்பதில் இன்னும் இரண்டு விஷயம். ஒரு லேப் 0.27–4.2 என்று எல்லை போடும், இன்னொன்று 0.35–4.94 என்று போடும், இரண்டும் சரிதான், இயந்திரம் வேறு. முடிந்தவரை ஒரே லேப்பில் எடுங்கள். டி.எஸ்.ஹெச். 2.1ஆக இருந்து 2.9 ஆனால் அது நோய் கூடியது ஆகாது, ஒரே ஆளுக்கு ஒரே மாதத்தில்கூட அவ்வளவு ஆடும். அப்புறம், பேக்கேஜ் என்று டி3, டி4, ஆன்டிபாடி எல்லாம் சேர்த்து விற்கிறார்கள். உங்களைப் போல மாத்திரை சாப்பிடுகிறவருக்கு டி.எஸ்.ஹெச்., தேவைப்பட்டால் ஃப்ரீ டி4, இதுவே போதும். டி.பி.ஓ. ஆன்டிபாடி (உடம்பே தன் தைராய்டைத் தாக்குகிறதா என்று காட்டும் சோதனை) ஒருமுறை பாசிட்டிவ் என்று தெரிந்த பிறகு வருடா வருடம் எடுத்து அது ஏறியதா இறங்கியதா என்று கவலைப்படுவதால் ஒரு பிரயோஜனமும் இல்லை, அதை வைத்து யாரும் மாத்திரையை மாற்றப் போவதில்லை.

சோர்வைப் பற்றி எழுதியிருந்தீர்கள். இங்கேதான் மருத்துவத்துக்கே இன்னும் தெளிவில்லாத இடம் வருகிறது. டி.எஸ்.ஹெச். கச்சிதமாக இருந்தும் சோர்வு போகாதவர்கள் கொஞ்சம் பேர் இருக்கிறார்கள், அவர்களுக்கு டி4உடன் டி3யும் சேர்த்துக் கொடுத்துப் பார்த்த ஆய்வுகள் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகவில்லை. சிலர் நன்றாக இருக்கிறது என்கிறார்கள், மொத்தமாகக் கணக்கெடுத்தால் பெரிய வித்தியாசம் தெரியவில்லை. ஆனால் உங்கள் டி.எஸ்.ஹெச். இன்னும் நிலைக்கே வரவில்லை, அதற்குள் அந்தப் பேச்சு வேண்டாம். ஹீமோகுளோபின், ஃபெரிட்டின் (உடம்பில் இரும்புச் சத்தின் இருப்பு), பி12 பார்த்துவிட்டீர்களா? தைராய்டு தலையில் போடப்படும் சோர்வில் நிறைய ரத்தசோகையாக இருப்பதை எங்கள் லேப்பிலேயே பார்க்கிறேன்.

நீங்கள் கேட்கவில்லை, ஆனாலும் வயதை வைத்துச் சொல்ல வேண்டியது, கர்ப்பம். குழந்தைக்கு முயற்சி செய்கிறீர்கள் என்றாலோ நாள் தள்ளிப்போனாலோ ஆறு வாரக் கணக்கு உங்களுக்குப் பொருந்தாது. கர்ப்பத்தின் நாலாவது ஆறாவது வாரத்திலேயே தேவை கூட ஆரம்பித்துவிடும், ஏறத்தாழ கால் பங்குக்கு மேல். கர்ப்பம் தெரிந்த உடனே வாரத்துக்கு ஏழு மாத்திரைக்குப் பதில் ஒன்பது சாப்பிடத் தொடங்கலாம் என்று அமெரிக்கத் தைராய்டு சங்கத்தின் 2017 வழிகாட்டுதல் சொல்கிறது, டி.எஸ்.ஹெச். 2.5க்குக் கீழே இருப்பதும் நல்லது. இதை இப்போதே டாக்டரிடம் பேசி வைத்துக்கொள்ளுங்கள், அப்போது போய் அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திருந்து நாளை இழக்காதீர்கள்.

மேலே சொன்னவை எல்லாம் சாதாரணத் தைராய்டு குறைவுக்கு. தைராய்டு புற்றுநோய்க்கு ஆபரேஷன் ஆனவர்களில் சிலருக்கு டி.எஸ்.ஹெச்.சை வேண்டுமென்றே கீழே வைத்திருப்பார்கள். தைராய்டு அதிகமாகி கார்பிமசோல் சாப்பிடுகிறவர்களுக்கு டி4 சரியான பிறகும் டி.எஸ்.ஹெச். மாதக்கணக்கில் எழுந்திருக்காது. பிட்யூட்டரியிலேயே கோளாறு உள்ளவர்களுக்கு டி.எஸ்.ஹெச். நம்பவே முடியாத எண், ஃப்ரீ டி4தான் கணக்கு. இவர்கள் இந்தப் பதிலைப் பார்த்து எதையும் மாற்றிக்கொள்ள வேண்டாம்.

உங்கள் மாமியாருக்கு 72 வயதில் 5.9 வந்திருக்கிறது, மாத்திரை ஆரம்பிக்க வேண்டுமா என்று நடுவில் ஒரு வரி கேட்டிருந்தீர்கள். வயது ஏற ஏற டி.எஸ்.ஹெச். தானாகவே கொஞ்சம் ஏறும். 2017இல் ஐரோப்பாவில் 65 வயதுக்கு மேற்பட்ட 737 பேரை வைத்து நடந்த ஆய்வில், இந்த மாதிரி லேசான ஏற்றத்துக்கு தைராய்டு மாத்திரை கொடுத்தவர்களுக்கும் மருந்தே இல்லாத போலி மாத்திரை கொடுத்தவர்களுக்கும் சோர்விலோ அறிகுறிகளிலோ வித்தியாசம் தெரியவில்லை. டி4 நார்மலாக இருந்தால் அவசரப்படாமல் இரண்டு மூன்று மாதம் கழித்து இன்னொரு முறை எடுத்துப் பார்த்துவிட்டு டாக்டரிடம் பேசுங்கள். அவரும் முடிக்கு ஏதாவது மாத்திரை சாப்பிடுகிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள், ஒரே அட்டையை வீட்டில் எல்லாரும் பங்கு போடுவது உண்டு.

கால்சியத்தை மாற்றி, ஆறு வாரம் முடிந்து, பயோட்டினை மூன்று நாள் நிறுத்தி, ரத்தம் கொடுத்த பிறகு மாத்திரை போட்டு ஒரு ரிப்போர்ட் எடுங்கள். அது வந்ததும் டாக்டர் என்ன சொன்னார் என்று இங்கே இரண்டு வரி எழுதுங்கள், என் கணக்கு எங்கே தப்பியது என்று எனக்கும் தெரியட்டும்.